இரண்டும் நாலும்

களியல் இறக்கத்தில்தான் முதலில் கழன்றது.
பின்னால் ஒன்பது கேன் ரப்பர் பால்,
முன்னால் பள்ளிப் பிள்ளைகளை அடைத்த ஆட்டோ.
இரண்டாம் கியர், ஒருவரும் கேட்காமலே,
சபைக்கூட்டத்தில் பாதியில் எழுந்து போகிறவரைப்போல
நியூட்ரலுக்கு வந்தது.
பிரேக்கை மிதித்தேன் என்று சொல்லக்கூடாது,
ஏறி நின்றேன்.
ஆட்டோவின் பின்கண்ணாடியில் ஒரு பெண்பிள்ளை
எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

பிறகு ஐந்து மாதம்
இடதுகை லிவரிலேயே கிடந்தது.
தொண்ணூற்றைந்து மாடல் ஜீப்பு,
கல்லைப்போல ஸ்டியரிங், அதற்கு ஒற்றைக் கை.
ராத்திரி தோளுக்கு முறிவெண்ணெய்.

ஜீப்பில் பாதிப் பங்கு அண்ணனுக்கு.
"ஏட்டி செலினே, கிளச்ச முழுசா மிதிக்காம ஓட்டுனா
இப்பிடித்தாக்கும் ஆவும்.
வித்துப் போடுவோம்" என்றான் ஜஸ்டஸ்.
மார்த்தாண்டத்தில் டென்னிசன் பானெட்டைத் திறக்கவில்லை,
காதை மட்டும் கொடுத்தான்.
"பெட்டிய எறக்கணும். இருபத்திரெண்டு ஆவும்."
ஆயிரம் என்ற சொல்லை
அவன் மரியாதைக்காக விட்டுவிட்டான்.

கிளச் பெடலின் வெறும் ஆட்டம் பார்த்தேன்,
பெருவிரல் அகலம். சரிதான்.
கியர் ஆயிலை வடித்து
காந்தத்தைப் போட்டுத் துழாவினேன்.
கண்மையைப்போல ஒரு பூச்சு வந்தது,
துணுக்கு வரவில்லை.
பல் உடைந்திருந்தால் காந்தம் சொல்லியிருக்கும்.
மேல்மூடியின் மூன்று ஸ்பிரிங்கையும் கழற்றி
ஜன்னல்படியில் நிறுத்தினேன்,
மூன்றும் ஒரே உயரம்.
ஒரு குண்டு மட்டும் உருண்டு ஓடைக்குள் போனது.
அதைத் தேடிய அரைமணி நேரத்தில்
எனக்குத் தெரிந்த கெட்டவார்த்தைகள் தீர்ந்தன.

ஞாயிறு. மழை.
இரண்டாம் ஆராதனைக்கு மணி அடிக்கிறது,
நான் ஸ்டியரிங் முன்னால் சும்மா இருக்கிறேன்.
ஷீட்டு விற்ற ரசீதின் பின்பக்கம் எழுதினேன்:
ஒன்று நிற்கிறது. இரண்டு கழலும்.
மூன்று நிற்கிறது. நாலு கழலும்.
எழுதி முடித்த பிறகும் மண்டைக்கு ஏறவில்லை.
கைதான் முதலில் கண்டுபிடித்தது:
முன்னால் தள்ளுகிறவை நிற்கின்றன,
பின்னால் இழுக்கிறவை கழல்கின்றன.

டார்ச் அடித்தேன்.
லிவர் கம்பியின் பின்பக்கம் மட்டும்
பெயின்ட் போய் வெள்ளி தெரிந்தது.
அதற்கு நேராகத் தரைத்தகடு,
போன இடவப்பாதிக்கு முன்
துருப்பிடித்த பழையதை வெட்டி எறிந்து
ஜஸ்டஸ் தன் கையால் வெல்டிங் வைத்த தகடு.
ஓட்டையின் விளிம்பில் அரை இஞ்சு கூடுதல்.
லிவர் அங்கே முட்டுகிறது.
பல் முழுதாகக் கடிக்குமுன்
என் கை போதும் என்று நினைக்கிறது.

அடியில் படுத்தேன்.
கியர்பெட்டியைத் தாங்கும் மவுண்டிங் நசுங்கி,
பெட்டி வால்பக்கம் தாழ்ந்து கிடந்தது.
அதனால்தான் லிவரும் பின்னால் சாய்ந்திருக்கிறது.
களியலிலிருந்து கடையாலுமூடு வரை
எங்கே கீறினாலும் ரப்பர் பால்.
இங்கே செத்துக் கிடந்ததோ
உள்ளங்கை அளவு ரப்பர்.

தக்கலையில் முந்நூற்று நாற்பது ரூபாய்.
அரைவட்ட அரம் வீட்டிலேயே இருந்தது.
விளிம்பை ராவிய தூள்
பாவாடையில் இன்னும் மினுங்குகிறது.

ஜஸ்டஸ் கேட்டான், "என்ன செய்த?"
"ஆயில் மாத்துனேன்."
தகட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது.
விற்பனைப் பேச்சு மறுபடி எழும் நாளுக்காக
பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்றைக்கு அதே இறக்கம், ஒன்பது கேன்.
இரண்டாம் கியர் இருந்த இடத்தில் இருக்கிறது.
கையை எடுத்துவிட்டேன்.
எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை,
மடியில் வைத்தேன், ஹாரனில் வைத்தேன்,
திற்பரப்பு வரும்போது பார்க்கிறேன்
மறுபடியும் லிவரில் இருக்கிறது.

ரிவர்ஸ் இன்னும் கறகறக்கிறது.
அதை அடுத்த ஞாயிறு பார்க்கணும்.